சேவல் கொண்டையும் பதினான்காம் பிரிவும்

பிரிவு பதினான்கு: "முன் அனுமதி பெற்ற ஒரு சிகிச்சையை, சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் சம்மதத்துடன், காப்புறுதி எடுத்தவர் தொண்ணூறு நாட்கள் வரை ஒத்திவைக்கலாம். அவ்வாறு ஒத்திவைப்பது அனுமதியைப் பாதிக்காது."

மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது, என் காப்புறுதிப் பத்திரத்தின் பதினோராம் பக்கத்தில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில். தமிழாக்கம் என்னுடையது. காப்புறுதிப் பத்திரத்தை வாங்குகிறவர்கள் படிப்பதில்லை. விற்கிறவர்களும் படிப்பதில்லை என்பது பின்னால் தெரிந்தது. நான் படித்தேன். போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்து, தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவள் நான். சரக்கு நனைந்தால், நசுங்கினால், காணாமல் போனால் யார் யாரிடம் எத்தனை நாளுக்குள் எதைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அதனால் என் முழங்காலே சேதமான சரக்கு ஆனபோது பயந்தேனே தவிர, வழி தெரியாமல் பயப்படவில்லை.

இப்போது பாசார் சந்தையிலும் கோயிலிலும் என்னை நிறுத்தி, "அக்கா, அந்த முட்டி ஊசி எப்படி? காப்புறுதியில குடுப்பாங்களா?" என்று கேட்கிற பெண்கள் அதிகமாகிவிட்டார்கள். எல்லோருக்கும் நின்றுகொண்டே பதில் சொல்ல முடியவில்லை. நிற்பதுதானே எங்கள் அனைவருக்கும் தொல்லை. எனவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிள்ளானில், கடைகளுக்கு மேல், மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. வாங்கும்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. படிக்கட்டு ஒரு செலவாகத் தோன்றவில்லை. என் கணவர் தர்மலிங்கம் இரண்டு தெரு தள்ளி ஒரு துணிக்கடையில் சேலை விற்றார். நான் ரயிலேறி வேலைக்குப் போனேன். மகள் கலா அந்தப் படிகளில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தாள்.

முதலில் வலது முழங்கால் இறங்கும்போது மட்டும் வலித்தது. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கக் கற்றுக்கொண்டேன். பிறகு அதுவும் போதாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். கீழே போட்டோஸ்டாட் கடைக்காரர், நான் வீட்டில் யாரிடமோ கோபித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தபடியே வெளியேறுவதாக நினைத்தாராம். ஆறு மாதத்தில் இடது முழங்காலும் சேர்ந்துகொண்டது. மீன் வாங்குவது, நூலகம் போவது, ஸ்டேஷன் வரை நடப்பது ஒவ்வொன்றாக நின்றன. அரிசி மூட்டையை என் கணவர் தூக்கி வந்து, இரண்டாவது மாடியில் அதன் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மேலே வருவார்.

கலா கோலாலம்பூர் பக்கம் செராஸில் இருக்கிறாள். தரைவீடு. ஒருநாள் போனபோது பின்னறையைக் காலி செய்து, சுவருக்குச் சாயம் அடித்து, இரண்டு கட்டில்கள் போட்டிருந்தாள். "அறை ரெடிம்மா. உங்களுக்குத் தோணுற அன்னிக்கு வாங்க. கிள்ளான் வீட்டை வித்துடலாம்" என்றாள். குரலில் அவ்வளவு அன்பு. கடுமையாகப் பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அன்புக்கு எதிராக எந்தப் பிரிவைக் காட்டுவது? செராஸில் ஒரு சோப்பு வாங்க வேண்டுமென்றாலும் யாராவது காடி ஓட்டிக் கூட்டிப்போக வேண்டும். நான் நினைத்த நேரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போகிற வீடு கிள்ளான் வீடுதான். அதை விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். மூன்று மாடி ஏற இரண்டு முழங்கால் வேண்டும், அவ்வளவுதான் கேள்வி.

கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூர் போய், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் எலும்பு நிபுணர் டாக்டர் ஓங்கைப் பார்த்தோம். காத்திருப்பு அறையில் இருபது பேர் இருந்தோம்; பெயர் கூப்பிட்டதும் ஒருவர்கூட உடனே எழுந்திருக்கவில்லை. எல்லோரும் நாற்காலியின் இரு கைகளையும் பிடித்து, ஒருமுறை முன்னால் ஆடி, பிறகு எழுந்தோம்.

எக்ஸ்ரேயை விளக்கின் மேல் மாட்டி அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன். தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கிற இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது தேய்கிறது. நடுவே முட்டையின் வெள்ளைக்கரு போல ஒரு திரவம் எண்ணெய் மாதிரி வேலை செய்கிறது. அது நீர்த்துப்போகிறது. பிறகு எலும்பு எலும்பை உரசுகிறது. இதற்குப் பெயர் மூட்டுத் தேய்மானம். மாத்திரை வலியைக் குறைக்கும், வயிற்றைப் புண்ணாக்கும். அறுவை செய்து உலோக மூட்டு வைக்கலாம். அதற்கும் ஆயுள் உண்டு என்பதால் முடிந்தவரை தள்ளிப்போடுவது நல்லது. இடையில் ஒரு வழி: கெட்டியான ஜெல் ஒன்றை ஊசியால் முழங்காலுக்குள் செலுத்துவது. வாரத்துக்கு ஒன்றாக மூன்று. சிலருக்குப் பல மாதம் தாங்கும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. முதலில் மோசமான வலது காலுக்குப் போடலாம், பார்த்துவிட்டு இடது.

"எக்ஸ்ரேயில் இருப்பதைப் பார்த்தால் நீங்கள் மூன்றாவது மாடியில் இருக்கக்கூடாது" என்றார்.

"எக்ஸ்ரே அங்கே குடியிருக்கவில்லை, டாக்டர்" என்றேன்.

அது ரிங்கிட் விழுந்த வருடத்துக்கு அடுத்த வருடம். ஜெல் வெளிநாட்டிலிருந்து வருவதால் விலை மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் சேமிப்பிலிருந்து ஒருமுறை கட்டலாம். இரண்டு காலுக்கும், பிறகு மறுபடியும் என்று கட்ட முடியாது. காப்புறுதி கொடுத்தால் கிள்ளான், கொடுக்காவிட்டால் செராஸ்.

மருத்துவமனையில் இரவு தங்காமல் போடுகிற ஊசிக்குக் காப்புறுதி கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பத்திரம் விற்ற முகவரும் அதையே சொன்னார். ஒன்பதாம் பக்கத்தில் பகல்நேரச் சிகிச்சை என்று ஒரு பிரிவு இருந்தது. அதைக் காட்டி எழுதினேன். வலது முழங்காலுக்கு மூன்று ஊசி, அனுமதி முப்பது நாட்களுக்குச் செல்லும் என்று கடிதம் வந்தது. இத்தனை சுலபமாக வந்ததே என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

முதல் ஊசிக்குப் போனோம். படுக்கையில் உட்காரவைத்து, முழங்காலை மருந்து வைத்துத் துடைத்தபடி சிஸ்டர் ரோஸி கேட்டார்: "ஆன்டி, கோழி, முட்டை, இறகு, எதுக்காச்சும் அலர்ஜி இருக்கா?"

"ஏன்மா?"

"இந்த ஜெல் சேவல் கொண்டையிலருந்து எடுக்கிறாங்க. அதான் கேக்கணும்."

என் கணவர் நாமம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். புரட்டாசி பிறந்து மூன்றாம் நாள் அது.

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் மீன், கோழி, முட்டை எதுவும் வராது. கல்யாணமான வருடம் அவர் கேட்டார், நான் சரி என்றேன், அன்றிலிருந்து அப்படித்தான். எனக்குப் பக்தி குறைவு. கோயிலில் நிற்கும்போது செருப்பு பத்திரமாக இருக்குமா என்றுதான் அதிகம் யோசிப்பேன். ஆனால் ஒப்புக்கொண்டது ஒப்புக்கொண்டது. ஒரு புரட்டாசியில் அலுவலக விருந்துக்குப் போய், கப்பல் கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் வெள்ளரிக்காய் தின்றிருக்கிறேன்.

"சிஸ்டர், அந்தக் கோழிக்குப் பதிலா வேற மருந்து இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆன்டி, இங்க இது ஒண்ணுதான்."

என் கணவர் என் காதருகே குனிந்தார். "ஊசிதானே கிராணி. வாயில போகல, வயித்துல போகல. முட்டிக்குள்ள போகுது. முட்டி என்ன விரதமா இருக்கு?"

"முட்டி யாருது?"

"உன்னுதுதான்."

"நான் விரதம்னா அதுவும் விரதந்தான்."

"பெருமாள் கணக்குப் பாக்க மாட்டாரு."

"நான் பாப்பேன்."

பக்தர் விலக்குக் கொடுக்கிறார், பக்தி இல்லாதவள் மறுக்கிறாள். சிஸ்டர் ரோஸி வாயைப் பொத்திக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போனார். நானே என் வசதிக்கு ஒரு விலக்கு எழுதி, நானே அதில் கையெழுத்துப் போட்டுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் ஓங் கேட்டுவிட்டு, "ஒரு மாதத்தில் எதுவும் கெட்டுப்போகாது. வலி மட்டும் உங்களுடையது" என்று சொல்லி, நோயாளியின் வேண்டுகோளின்படி ஒத்திவைக்கச் சம்மதித்ததாகக் கோப்பில் எழுதினார். எழுதியதை நான் தலைகீழாகப் படித்துச் சரிபார்த்துக்கொண்டேன். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து படிப்பது கப்பல் அலுவலகப் பழக்கம்.

அந்த மாதம் வலி என்னுடையதாகவே இருந்தது. படியில் இறங்குவதை விட்டுவிட்டேன்.

தீபாவளி கழிந்து, கந்த சஷ்டி நேரத்தில் முதல் ஊசி. "சஷ்டி விரதம் நடக்குது. சேவல் முருகனோட கொடி வேற" என்று என் கணவர் ரயிலில் மெதுவாக ஆரம்பித்தார். "அது உங்க விரதம். நான் ஒத்துக்கிட்டது புரட்டாசிக்கு மட்டும்" என்றேன்.

ஊசி எப்படி என்று கேட்பவர்களுக்கு: முதலில் மரத்துப்போக ஒரு சிறு குத்து. பிறகு முழங்கால் சில்லின் ஓரமாகப் பெரிய ஊசி. உள்ளே இருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, அதே ஊசி வழியாக ஜெல்லை மெல்லச் செலுத்துகிறார்கள். வலி அதிகமில்லை. நெருக்கமான அறைக்குள் இன்னொரு நாற்காலியைத் தள்ளுவது போல ஓர் இறுக்கம். வீடு வந்து சேர்ந்த பிறகு அன்று முழுவதும் நடக்காமல் இருந்தால் போதும்.

முதல் ஊசி ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வாரம் இரண்டாவதைப் போட்டுக்கொண்டு வந்த மறுநாள் மாலைக்குள் முழங்கால் இளநீர்க்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. தொட்டால் சுட்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. கலா செராஸிலிருந்து வந்தாள். கீழே போட்டோஸ்டாட் கடையிலிருந்து ஒரு நாற்காலியை வாங்கி, அதில் என்னை உட்காரவைத்து, மருமகனும் கடைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்று மாடி இறக்கினார்கள். வெகுநாளைக்குப் பிறகு முன்பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

டாக்டர் ஓங் முழங்காலிலிருந்து நீர் எடுத்தார். கலங்கி, மஞ்சளாக இருந்தது. இரண்டில் ஒன்று என்றார். ஜெல்லை உடம்பு ஏற்காமல் கோபித்துக்கொள்வது ஒன்று. அது தானே அடங்கும். மூட்டுக்குள் கிருமி புகுந்திருப்பது இன்னொன்று. அப்படியானால் திறந்து கழுவ வேண்டும், மூட்டு பிழைக்குமா என்று அப்போதுதான் சொல்ல முடியும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எடுத்த நீரை ஒரு தட்டில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் சில நாள் பார்ப்பார்கள். அதுவரை வார்டில் படுக்கை, நரம்பு வழியாக மருந்து.

நான்கு படுக்கை வார்டு. ஜன்னலோரம் நான். பக்கத்தில் பந்திங்கிலிருந்து வந்திருந்த மாரியாயி அக்கா, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். எனக்கு என்ன ஊசி என்று கேட்டார். சொன்னேன்.

"சேவல் கொண்டையா? அதை நாங்க வெட்டித் தூரத் தூக்கிப் போடுறோமேம்மா. அதையா காசு குடுத்துக் குத்திக்கிட்ட?"

"ஆமாக்கா."

"எந்த ஊரு சேவலு?"

"வெளிநாட்டுச் சேவல்."

"அதான் வீங்கிருச்சு. எங்க வீட்டுல எட்டுச் சேவல் நிக்குது. முன்னாலயே சொல்லியிருந்தா கொண்டாந்திருப்பேன்லா."

என் கணவர் தினமும் தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவருவார். சாப்பிடவைத்துவிட்டு, வார்டில் கொடுத்த கைலிகளைக் கடை மேஜையில் அடுக்குவது போல மடித்து, நிறம் நிறமாக அடுக்கி வைப்பார். முருகனைக் குறித்து அவருக்கு உள்ளுக்குள் கலக்கம் இருந்தது. "கொடிக்குச் சொந்தக்காரரு கேக்காம இருப்பாரா?" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினார். கலா ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, படுத்த வாக்கிலேயே எனக்குத் தலை கழுவிவிட்டாள். அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயத்தைக் கொடுத்தது. பேச வேண்டிய தேவை முடிந்துவிட்டது என்று நினைக்கிறாளோ? அன்று விளக்கு அணைத்த பிறகு, செராஸ் கட்டிலின் விரிப்பு என்ன நிறம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீலமா, பச்சையா? நினைவுக்கு வரவில்லை. பார்க்கவே இல்லை என்று புரிந்தது.

கிருமி வளரவில்லை. டாக்டர் ஓங் அதைச் சொன்னபோது சாதாரணமாகத் தலையசைத்தேன். அவர் போனதும் மாரியாயி அக்கா, "அழுவுறதுன்னா அழுதுரும்மா, நான் அந்தப் பக்கம் திரும்ப முடியாது, ஆனா கண்ணை மூடிக்கிறேன்" என்றார். கண்ணை மூடிக்கொள்ளவும் செய்தார்.

பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்து, வீக்கம் வற்றி, வீட்டுக்கு வந்தேன். மூன்றாவது ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். அடுத்த மாதம் ஒரு காலையில் காப்பி போட்டுக்கொண்டு நிற்கும்போது, நிற்கிறேன் என்கிற நினைப்பே இல்லாமல் நின்றுகொண்டிருந்ததைக் கவனித்தேன். வலது கால் வேலைக்குத் திரும்பியிருந்தது. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு இரண்டு ஊசியிலேயே. இடது காலுக்கு வேறு நிறுவனத்தின் ஜெல்லைப் போடலாம், அதுவும் கோழிதான், ஆனால் இன்னும் சுத்தப்படுத்தியது என்றார் டாக்டர்.

"வேற சேவல்" என்று என் கணவர் சுருக்கமாக மொழிபெயர்த்தார்.

ஊசிக்கும் வார்டு நாட்களுக்கும் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டு, அந்தப் பணத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டு எழுதினேன். நிராகரித்து வந்த கடிதத்தில் மூன்று பத்தி. முப்பது நாள் கடந்ததால் அனுமதி காலாவதி. மருத்துவம் சாராத காரணத்துக்காக ஒரு மாதம் காத்திருக்க முடிந்ததிலிருந்தே, சிகிச்சை அவசியமானதல்ல என்று தெரிகிறது. அவசியமில்லாத சிகிச்சையால் வந்த வீக்கம் என்பதால் வார்டு நாட்களுக்கும் பொறுப்பில்லை. சொல்லக்கூடாதுதான், ஆனால் நன்றாக எழுதப்பட்ட கடிதம். ஒரு படி அடுத்த படியைத் தாங்கியது. முதல் படியைத் தட்டினால் மூன்றும் விழும் என்பதும் அதனாலேயே தெரிந்தது.

நேரில் போனேன். அவர்கள் அலுவலகத்தில் லிஃப்ட் இருந்தது; என் முழங்காலுக்கு அவர்கள் அதுவரை செய்த ஒரே உதவி. முகப்பில் ஜெயந்தி என்று ஒரு பெண். என் கோப்பைத் திறந்து, தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆன்டி, 'சிகிச்சை தாமதமான காரணம்'னு இருக்கிற இடத்தில புரட்டாசின்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அந்த இடத்தை எல்லாரும் சும்மா விட்டுருவாங்க ஆன்டி."

"கேட்டிருந்தது. பதில் எழுதினேன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாருங்க, நான் ஒரு வழி சொல்றேன். டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. அந்த மாசம் உங்களுக்குக் காய்ச்சல், அதான் ஊசி போடலன்னு. மெடிக்கல் ரீசன் இருந்தா சிஸ்டம்ல போயிரும்லா."

"எனக்குக் காய்ச்சல் இல்லையே."

"தெரியும் ஆன்டி."

"நீ புரட்டாசி இருப்பியா?"

"இருப்பேன். வீட்டுல எல்லாரும் இருப்போம்."

"அந்த மாசம் ஆபீஸ் விருந்துக்குக் கூப்பிட்டா என்ன சொல்லுவ? காய்ச்சல்னா?"

அவள் சிரித்துவிட்டாள். "சைவம்னுதான் சொல்லுவேன்."

"நானும் அதைத்தான் எழுதியிருக்கேன்."

பதினோராம் பக்கத்தைத் திறந்து அவள் முன் வைத்தேன். விரலால் வரிவரியாகப் படித்தாள். "இது எங்க பாலிசியா ஆன்டி?" என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் சம்மதித்து எழுதிய கோப்புத் தாளின் நகலையும் வைத்தேன். அனுமதிக் கடிதம் முப்பது நாள் என்கிறது, பத்திரம் தொண்ணூறு என்கிறது. கடிதத்தைவிடப் பத்திரம் பெரியது என்று எழுதி, மேல்முறையீடாகக் கொடுத்தேன். இடது காலுக்கு அனுமதி கேட்டும் அதனுடன் ஒரு மனு. அவள் இரண்டிலும் முத்திரை குத்தினாள்.

திரும்பும் ரயிலில், சுபாங் ஜெயா வந்ததும் என் கணவர் ஆரம்பித்தார்.

"ஒரு காய்ச்சல்தானே கிராணி."

"பொய்க் காய்ச்சல்."

"முப்பது வருஷம் எல்லாப் பொம்பளைங்ககிட்டயும் 'இந்தக் கலரு உங்களுக்கு எடுப்பா இருக்கு'ன்னு சொன்னேன். ஒருத்தரும் சேலையைத் திருப்பிக் கொண்டாரல."

"சேலைக்கு ரெண்டாம் பிரிவு இல்ல. இதுக்கு இருக்கு. ஒரு தகவல் பொய்யின்னு தெரிஞ்சா மொத்தப் பத்திரமும் செல்லாது. அப்புறம் இடது காலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"தெரிஞ்சாத்தானே?"

"தெரியாட்டியும், புரட்டாசிக்கு நின்னது காய்ச்சல்னு ஆயிடும். அந்த மாசம் நான் பட்ட வலியைக் கொண்டுபோய்க் காய்ச்சல்ல எழுத மாட்டேன்."

அவர் வெளியே பார்த்தார். ஷா ஆலம் வந்த பிறகு, "எனக்கும் மூணாவது மாடி ஏறும்போது நெஞ்சு படபடன்னு வருது" என்றார். "உங்கிட்ட சொல்லல. சொன்னா நீ வீட்டை விட்டுக் குடுத்துருவியோன்னு."

அரிசியை இனி இரண்டு கிலோ பையாக வாங்குவது என்று மட்டும் அன்று தீர்மானித்தோம். மறுவாரம் அவரையும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இதயம் நன்றாக இருக்கிறது, எடைதான் என்றார்.

பிறகு காத்திருப்பு. மாதம் ஒருமுறை எழுதினேன். "தங்கள் கடிதம் கவனத்தில் உள்ளது" என்று மாதம் ஒருமுறை பதில் வந்தது. கவனத்தில் இருப்பதாகச் சொல்கிற கடிதங்களை நானும் ஒரு காலத்தில் தட்டச்சு செய்திருக்கிறேன். அவை யார் கவனத்திலும் இல்லை என்பதற்கான அத்தாட்சி. மூன்றாவது கடிதத்திலிருந்து, ஒவ்வொன்றின் தலையிலும் பிரிவு பதினான்கை முழுதாக எழுதி அனுப்பினேன். அங்கே யாராவது ஒருவருக்கு மனப்பாடம் ஆகட்டும் என்று.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கலா வந்தாள். இடது காலை இழுத்துக்கொண்டு நான் பாயசம் பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இந்த வருஷக் கடைசி வரைக்கும் பேச மாட்டேன். அதுக்குள்ள இடது காலுக்கு ஊசி போட்டு ஏறி இறங்கினா, நான் கட்டிலை யாருக்காச்சும் குடுத்துடறேன். இல்லன்னா வரீங்க. சரியா?"

"சரி" என்றேன். சொன்ன பிறகுதான், நான் சரி என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது மூவருக்கும் உறைத்தது. என் கணவர் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டார்.

ஆடி போனது. ஆவணி போனது. மறுபடியும் வீட்டில் மீன்சட்டியைக் கவிழ்த்து வைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை என் கணவர் பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். தபால்காரரின் மோட்டார் சத்தம் கேட்டது. தபால் பெட்டிகள் கீழே, படிக்கட்டின் அடியில். வலது காலை நம்பி, இடது காலைச் சமாளித்து, நானே இறங்கினேன். நீளமான உறை. படியில் உட்கார்ந்து பிரித்தேன்.

முதல் தாள்: பிரிவு பதினான்கு பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறார்கள். சிகிச்சை முறைப்படி ஒத்திவைக்கப்பட்டது. வலது முழங்கால் ஊசிகளும் வார்டு நாட்களும் ஏற்கப்பட்டன. ஓரத்தில், நீல மையில், தட்டச்சு செய்யாத ஒரு வரி: "ஆன்டி, இப்ப எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பதினாலு தெரியும். ஜெயந்தி."

இரண்டாம் தாள்: இடது முழங்காலுக்கும் அனுமதி. மூன்று ஊசி. கடிதத் தேதியிலிருந்து முப்பது நாட்களுக்குச் செல்லும்.

முப்பது நாளில் மிச்சமிருந்த அத்தனையும் புரட்டாசிக்குள் இருந்தன.

படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். போட்டோஸ்டாட் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னா ஆன்டி, நாற்காலி வேணுமா?" என்றார். வேண்டாம் என்று எழுந்து, ஒவ்வொரு மாடியிலும் நின்று, மேலே வந்தேன். என் கணவர் கரண்டியோடு வாசலில் நின்றார். இரண்டு தாளையும் கொடுத்தேன். படித்தார். இரண்டாவதை இன்னொருமுறை படித்தார்.

"முட்டி விரதமா?" என்றார்.

"விரதம்தான்."

"இந்தத் தடவ நான் ஒண்ணும் சொல்லல" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். சிஸ்டர் ரோஸி எடுத்தார். ஒத்திவைக்க டாக்டரின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்றேன். "மறுபடியும் சேவலா ஆன்டி?" என்றவர், டாக்டர் இப்போதே கையெழுத்துப் போடுவார் என்றார். முதல் ஊசிக்கு ஐப்பசியில் ஒரு நாளும் குறித்துக்கொடுத்தார். வருடக் கடைசிக்கு அது நன்றாகவே முன்னால் இருந்தது.

பிறகு மேஜையில் உட்கார்ந்து காப்புறுதி நிறுவனத்துக்கு நான்கு வரி எழுதினேன். கடிதம் கிடைத்தது, நன்றி. பிரிவு பதினான்கின்படி ஒத்திவைக்கிறேன். காரணம்: புரட்டாசி. அவர்கள் கடிதத்தைக் கோப்பில் வைக்கும் முன், அலுவலகப் பழக்கத்தில், பெற்ற தேதியை அதன் வலது மூலையில் குறித்தேன்: செப்டம்பர் பதினெட்டு, புரட்டாசி முதல் சனி.